பெட்டியும் பியானோவும்

ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஆர்மோனியம் புதிய பொருளன்று. லாபிசிலும் சிகாமட்டிலும் குளுவாங்கிலும் ரப்பர் மரங்களுக்கிடையே லயங்கள் வரிசையாக நின்ற காலத்தில், திருவிழா நாடகத்திற்கும் கோயில் பசனைக்கும் முதலில் தேடப்பட்ட பொருள் அதுவே. அதனை ஆர்மோனியம் என முழுப்பெயரிட்டு அழைத்தோர் சிலர். ‘பெட்டி’ என்று அழைத்தோர் பலர். பெட்டி வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் தோட்டத்தில் இருந்தால் நாடகம் நடக்கும். இல்லையேல் அடுத்த தோட்டத்திலிருந்து ஆள் வரவேண்டும். காலையில் பால்மரம் சீவிய கையே இரவில் பெட்டியின் துருத்தியை அசைக்கும். ஆயினும் பெட்டிக்காரருக்குக் கிடைத்த மதிப்பு யாது? கூத்து முடியுமட்டும் அவர் வேண்டியவர். முடிந்தபின் அவர் வெறுங் கூத்தாடி. தம் மகன் பெட்டியின்முன் உட்காரக் கண்டு, “இது சோறு போடுமா?” என்று கடிந்த தந்தையர் எத்தனை பேர்!

அத்தந்தையரைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. வறுமை அப்படித்தான் பேசும். ஆனால் அக்கேள்விக்குள் மற்றொரு கேள்வி மறைந்து கிடக்கிறது. இசை யாருக்கு உரியது? பரம்பரையும் பாடசாலையும் உடையவர்க்கு மட்டுந்தானா? ஏட்டுக்கல்வியும் இல்லாத ஏழைப் பிள்ளைக்கு அதில் பங்கு உண்டா? இதற்கு வாதத்தால் விடை கூறுவதைவிட வரலாற்றால் விடை கூறுவது நலம். ஆகவே, ஒரே ஆண்டில் உலகின் இரு கோடிகளில் பிறந்து, ஒருவர் பெட்டியாலும் மற்றவர் பியானோவாலும் தத்தம் மக்களின் செவியையே மாற்றிவிட்ட இருவரை இங்கே நோக்குவோம். ஒருவர் நம்மவர், எம். எஸ். விசுவநாதன். மற்றவர் அமெரிக்க நாட்டுக் கறுப்பர், ‘ஃபாட்ஸ்’ டாமினோ என்று உலகம் அழைத்த அந்துவான் டாமினோ.

ஒரே ஆண்டில் இருவர்

1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி, அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரில் டாமினோ பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் அவரே இளையவர். அவருடைய குடும்பத்தார் வாச்சரி என்னும் கரும்புத் தோட்டப் பகுதியிலிருந்து நகரத்திற்கு வந்தவர்கள். கரும்புத் தோட்டம் என்றதும் நமக்குப் பழைய நினைவு எழாதிருக்குமோ? ரப்பர் வருமுன் தமிழர்கள் மலாயாவிற்குக் கொண்டுவரப்பட்டதே வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்குத்தான். அமெரிக்காவில் அடிமைமுறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. மலாயாவில் தமிழரைக் கட்டிவைத்த ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தது. இரண்டும் ஒன்றல்ல, அடிமையின் துன்பம் கூலியின் துன்பத்தினும் பன்மடங்கு பெரிது. எனினும் பிறர் நிலத்தில் உழைத்து, பிறர் மணியோசைக்கு எழுந்து, தன் பாட்டை மட்டுமே தன் உடைமையாகக் கொண்ட மக்கள் என்ற வகையில் இரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் அறிவர்.

அதே ஆண்டு ஜூன் 24-ந் தேதி, பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளி என்னும் சிற்றூரில் விசுவநாதன் பிறந்தார். அவ்வூர் இன்று கேரளத்தைச் சேர்ந்தது. அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. நான்கு வயதிலேயே தந்தை இறந்தார். கைம்பெண்ணான தாய் நாராயணிக்குட்டி, வறுமை தாங்கமாட்டாது மகனோடு உயிர்விடத் துணிந்தார் என்றும், பாட்டனார் தக்க தருணத்தில் வந்து இருவரையும் காத்தார் என்றும் அவர் வரலாறு கூறுகிறது. அப்பாட்டனார் கண்ணூர்ச் சிறைச்சாலையில் பணி செய்தவர். அவருடைய நிழலில் வளர்ந்த சிறுவன், சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்றான். விற்ற நேரம்போக மீதி நேரத்தில் திரையிலிருந்து வந்த பாட்டைச் செவியால் குடித்தான். நீலகண்ட பாகவதர் என்னும் ஆசிரியர் அவனுக்கு இசை கற்பித்தார். பதின்மூன்றாம் வயதில் அவன் மேடையேறிக் கச்சேரி செய்தான்.

டாமினோவின் கல்வியும் இத்தகையதே. பள்ளிக்கூடத்தை நான்காம் வகுப்போடு விட்டார். வீட்டில் ஒரு பழைய பியானோ இருந்தது. தமக்கையின் கணவர் ஹாரிசன் வெரெட் என்பவர் இசைக்கலைஞர். அவரே சுரங்களை அறிமுகஞ் செய்து சிறுவனுக்கு வழிகாட்டினார். பகலில் தொழிற்சாலைக் கூலி; இரவில் மதுக்கடைகளில் பியானோ. இதுவே அவர் கற்ற கலாசாலை.

பெட்டிக்கு வந்த தடை

நிற்க. இவ்விருவரின் கருவிகளைப் பற்றிச் சில சொல்லியாக வேண்டும். பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி கம்பியைத் தட்டும். ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தினால் துருத்தியின் காற்று உலோக நாக்கொன்றை அதிரச் செய்யும். ஒன்று தட்டுவது, மற்றொன்று ஊதுவது. ஆயினும் இரண்டுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு: சுரங்கள் படிப்படியாக நிலைத்து நிற்கும், ஒரு படியிலிருந்து மறுபடிக்கு வழுக்கிச் செல்ல இயலாது. வீணையிலும் பிடிலிலும் விரல் வழுக்கும்; பெட்டியில் வழுக்காது.

ஆர்மோனியம் 1842-இல் பாரிசு நகரத்தில் அலெக்சாந்தர் டெபெய்ன் என்பவர் பெயரால் உரிமைப் பதிவு பெற்ற கருவி. அது கப்பலேறி இந்தியா வந்து, காலால் மிதிப்பது போய்க் கையால் துருத்தி அசைப்பதாக மாறி, தரையில் உட்கார்ந்து வாசிப்பதற்கு ஏற்றதாகியது. விலை குறைவு, தூக்கிச் செல்வது எளிது, சுருதி கலைவதும் அரிது. ஆகவே சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கம்பெனிகளிலே அது தலைமை வாத்தியமாகியது. எஸ். ஜி. கிட்டப்பாவின் பாட்டுக்கு அவர் தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்த புகழை முதியோர் இன்றும் சொல்லக் கேட்கலாம்.

இத்தகைய கருவிக்கு 1940-ஆம் ஆண்டு மார்ச் முதல் அகில இந்திய வானொலி தடை விதித்தது. நம் இசைக்கு உயிரான கமகம் பெட்டியில் வராது, நுண்ணிய சுருதிகள் வாரா, அது மேனாட்டுச் சரக்கு என்பன காரணங்கள். வங்கக் கவிஞர் தாகூரும் அக்கருவியை வெறுத்தவர்களில் ஒருவர். 1971-ஆம் ஆண்டில்தான் அத்தடை தளர்ந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாட்டின் வானொலி நிலையத்துக்குள் பெட்டிக்கு இடமில்லை!

எதிர்த்தோர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. கமகம் பெட்டியில் வராது என்பது மெய். ஆனால் மேனாட்டுப் பொருள் என்ற காரணம் நிற்குமா? பிடிலும் மேனாட்டினின்று வந்ததே. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதனை ஏற்று நம்முடையதாக்கினர். ஆகவே ஒரு கருவி எங்கே பிறந்தது என்பது கேள்வியன்று. அதைக் கொண்டு யார் என்ன செய்கிறார் என்பதே கேள்வி. மேலும், பெட்டியால் முடியாததைப் பேசியவர்கள், பெட்டியால் மட்டுமே முடிவது ஒன்றுண்டு என்பதை மறந்தனர். பல சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்து, அவற்றின் கூட்டத்தால் ஓர் உணர்ச்சியை எழுப்பலாம். பிடிலுக்கு அது அரிது. கட்டை வாத்தியத்துக்கு அது எளிது. தடை பிறந்தபோது விசுவநாதனுக்கு வயது பதினொன்று. பெரியோர் வெளியே தள்ளிய பெட்டியை அச்சிறுவன் பிற்காலத்தில் தமிழ்நாட்டின் வீடுதோறும் ஒலிக்கச் செய்வான் என்று யார் கண்டார்?

எடுபிடிப் பையன்

நடிகனாகவேண்டும், பாடகனாகவேண்டும் என்ற ஆசையோடு விசுவநாதன் நாடகத்திலும் சினிமாவிலும் நுழைய முயன்றார். சோமசுந்தரமும் மொகிதீனும் நடத்திய ஜூபிடர் பிக்சர்ஸ் கம்பெனி அப்பொழுது கோயம்புத்தூரில் படம் எடுத்து வந்தது. அங்கே அவருக்குக் கிடைத்தது நடிகர் வேலையன்று, எடுபிடி வேலை. வாத்தியக்காரர்களுக்குத் தேநீர் கொண்டுவருவது, ஆர்மோனியத்தைத் துடைத்து வைப்பது, சொன்ன இடத்துக்குத் தூக்கிச் செல்வது. ஆனால் எல்லோரும் போனபின் அப்பெட்டியைத் திறந்து வாசிப்பதற்கு யாரும் கூலி பிடிக்கவில்லை.

அங்கே இசையமைத்தவர் எஸ். எம். சுப்பையா நாயுடு. 1948-இல் வெளிவந்த ‘அபிமன்யு’ படத்திற்காக, பையன் தனியே வாசித்துக்கொண்டிருந்த மெட்டு ஒன்றை நாயுடு கேட்டு, அதனைப் படத்தில் சேர்த்துக்கொண்டார். மெட்டு யாருடையது என்று வெளியில் சொல்லவில்லை. சொன்னால் எடுபிடிப் பையன் மெட்டு என்று தள்ளிவிடுவார்கள் என்பது அவர் அச்சம். பின்னர்க் கம்பெனி சென்னைக்குப் பெயர்ந்து ஆட்கள் கழிக்கப்பட்டபோது, அவரே முதலாளியிடம் உண்மையைச் சொல்லிப் பையனை உடன் அழைத்துப் போகுமாறு வேண்டினார் என்று சொல்லப்படுகிறது. உழைப்பை மறைத்தவரும் அவரே. காலம் அறிந்து வெளியிட்டவரும் அவரே. விசுவநாதன் இதனை ஒரு குறையாகக் கொள்ளவில்லை. பிற்காலத்தில் நாயுடுவைத் தந்தையைப் போலப் பேணினார்.

சென்னையில் அவர் சேர்ந்த இடம் சி. ஆர். சுப்புராமனின் வாத்தியக் குழு. சுப்புராமன் இளமையிலேயே கிராமபோன் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்துத் தேர்ந்தவர். மேனாட்டு இசையின் தாளக்கட்டுகளை நம் பாட்டில் புகுத்தி வெற்றி கண்டவர். அக்குழுவில் திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த டி. கே. இராமமூர்த்தி பிடில் வாசித்தார். அவர் 1922-இல் பிறந்தவர்; பிடில் வாசிப்பவர் குடும்பத்தில் வந்தவர். 1952-இல் சுப்புராமன் இளவயதிலேயே திடீரென மறைந்தார். முடியாது நின்ற வேலைகளை இவ்விருவரும் முடித்துக் கொடுத்தனர். அவ்வாண்டே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தாம் இயக்கிய ‘பணம்’ படத்தில் இருவரையும் இணைத்து இசையமைப்பாளர்களாக்கினார். இளையவர் பெயர் முன்னும் மூத்தவர் பெயர் பின்னுமாக ‘விசுவநாதன் – இராமமூர்த்தி’ என்று வந்தது. வழுக்கும் வாத்தியமும் வழுக்காத வாத்தியமும் கைகோத்தன. பரம்பரை பெற்றவரும் பரம்பரை அற்றவரும் ஒரே பலகையில் அமர்ந்தனர். அடுத்த பதின்மூன்று ஆண்டுகளின் தமிழ்ச் சினிமா இசை வரலாறு பெரும்பாலும் இவ்விருவரின் வரலாறே.

பின்னறையில் பிறந்த புதுத் தாளம்

இனி நியூ ஆர்லியன்சுக்குத் திரும்புவோம். 1949-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி, ஒரு கடையின் பின்னறையில் அமைந்த சிறு ஒலிப்பதிவுக் கூடத்தில், இருபத்தொரு வயது டாமினோ தம் முதற் பாட்டைப் பதிவு செய்தார். அவருடைய பருத்த உடலையே பெயராகக் கொண்ட பாட்டு அது. உடனிருந்து துணைசெய்தவர் டேவ் பார்த்தலமியூ என்னும் எக்காளக் கலைஞர். சில ஆண்டுகளில் அத்தட்டு பத்து இலட்சத்துக்கு மேல் விற்றதெனக் கூறுவர். ‘ராக் அண்டு ரோல்’ என்று பின்னால் பெயர்பெற்ற இசைவகையின் தொடக்கங்களில் ஒன்றாக அதனை வரலாற்றாசிரியர்கள் எண்ணுகின்றனர்.

அவ்விசையின் சிறப்பு யாது? இடக்கை ஆழ்ந்த சுரங்களில் ஒரே நடையை விடாது உருட்டிக்கொண்டே போகும். வலக்கை ஒவ்வொரு தட்டையும் மூன்றாகப் பகுத்து, சுரக்கூட்டத்தைத் திரும்பத் திரும்பத் தட்டும். நம் தாளமுறையில் சொன்னால், ‘தகிட தகிட’ என்னும் திசிர நடை. கேட்போர் கால் தானே அசையும். இது பாடசாலையில் பிறந்ததன்று. மதுக்கடையிலும் கறுப்பர் கோயிலிலும் தெருவிலும் பிறந்தது. நம் தப்பும் உறுமியும் எங்கே பிறந்தனவோ அத்தகைய இடத்தில் பிறந்தது.

ஆனால் பாட்டு யாருடையது, புகழ் யாருடையது? 1955-இல் டாமினோ பாடிய பாட்டொன்று கறுப்பர் இசைவரிசையில் முதலிடம் பெற்றது. அதே பாட்டைப் பாட் பூன் என்னும் வெள்ளைப் பாடகர் உடனே பாட, நாடு முழுவதற்குமான பொது வரிசையில் முதலிடம் அவருக்குக் கிடைத்தது. வானொலி நிலையங்கள் பல, அதே மெட்டு வெள்ளையர் தொண்டையில் வந்தால் ஏற்றன. கறுப்பர் தொண்டையில் வந்தால் தயங்கின. தெற்கத்திய ஊர்களில் டாமினோவின் கச்சேரிக்கு வந்த கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து நடுவே கயிறு கட்டினர். பாட்டின் வேகத்தில் இளைஞர் கயிற்றை மறந்து ஒன்றாய் ஆடினர். சில இடங்களில் கலகமும் மூண்டது. 1956-இல் ஓரிடத்தில் காவலர் கண்ணீர்ப்புகை வீசினர். கயிறு அறுந்ததற்குப் பாட்டு மட்டும் காரணமென்று கூறோம். 1964-இல் சட்டம் வந்ததற்கு நீண்ட போராட்டமும் பலரின் உயிர்த்தியாகமும் காரணம். எனினும், ஒரே தாளத்துக்கு ஆடியவர்களை மீண்டும் கயிற்றுக்கு இருபுறமும் நிறுத்துவது கடினம் என்பதை அக்கச்சேரிகள் காட்டின.

தமிழில் வந்த ராக் அண்டு ரோல்

அவ்வலை கடல் கடந்தது. மலாயா 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி விடுதலை பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் நம் பட்டணத்து இளைஞர் செவியிலும் அப்புதிய தாளம் விழுந்தது. 1960-களில் மலாய் இளைஞர் கித்தார்க் குழுக்களாகக் கூடிப் ‘பாப் யே யே’ என்னும் தங்கள் சொந்த இசையைப் படைத்தனர்.

தமிழில் அதற்கு வாசல் திறந்தவர்களுள் விசுவநாதனும் இராமமூர்த்தியும் முன்னவர்கள். 1958-இல் வெளிவந்த ‘பதிபக்தி’ படத்தில், ராக் அண்டு ரோல் என்னும் பெயரையே எடுத்துச் சொல்லிப் பாடும் பாட்டு ஒன்றை அமைத்தனர். பாடியவர் சந்திரபாபு. அவர் தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்தவர். குரலைத் திடீரென உயர்த்தி உடைக்கும் மேனாட்டு முறையைத் தமிழ்ப் பாட்டுக்குக் கொண்டுவந்தவர். புலம்பெயர்ந்த மண்ணில் வளர்ந்தவர் அங்கே கேட்டதைத் தாய்நாட்டுக்குக் கொண்டுபோன கதை இது. கலை எப்போதும் தாய்நாட்டிலிருந்து நமக்கு வருவது மட்டுமன்று. நம்மிடமிருந்து அங்கே போவதும் உண்டு என்பதை மலேசியத் தமிழர் மறத்தலாகாது.

1961-இல் ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ ஆகிய மூன்றும் ஓராண்டிலேயே வந்தன. இக்காலத்தின் பாட்டுகள் பிறந்த முறை எளியது. விசுவநாதன் பெட்டியின்முன் அமர்ந்து மெட்டை வாய்க்கு வந்த ஒலியால் தத்தகாரமாகப் பாடுவார். எதிரே அமர்ந்த கவிஞர் கண்ணதாசன் அதற்குச் சொல் இடுவார். கண்ணதாசன் பிறந்தது 1927-ஆம் ஆண்டு, அதே ஜூன் 24-ந் தேதி. அவரும் எட்டாம் வகுப்புக்குமேல் படியாதவர். பட்டம் இல்லாத இருவர் உட்கார்ந்த பாயிலிருந்தே படித்தவரும் படியாதவரும் மனப்பாடமாய்ச் சொல்லும் பாட்டுகள் எழுந்தன.

1964-ஆம் ஆண்டு இவர்களுடைய ஆற்றலுக்கு உரைகல். ஒருபுறம் ‘கர்ணன்’, அதிலே முழுதும் இராகங்களின் ஆட்சி. மறுபுறம் ‘புதிய பறவை’. அதிலே பியானோவும் பெரிய வாத்தியக் குழுவும். இன்னொருபுறம் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’. இம்மூன்றாவதைத் தோட்டத்து வாசகர்கள் சற்று உற்று நோக்கவேண்டும். அதிலே ஒரு தோட்ட முதலாளி. அவரிடம் வேலை பார்த்த இளைஞன் நீக்கப்படுகிறான். அவன் முதலாளி வீட்டெதிரே கூடாரம் அடித்து, ஆட்களைக் கூட்டி, ராக் அண்டு ரோல் தாளத்தில் வேலை கேட்டுப் பாடுகிறான். வேடிக்கைப் பாட்டுத்தான். முதலாளியின் பெயரும் விசுவநாதன், இசையமைத்தவரின் பெயரும் விசுவநாதன் என்பது அதிலுள்ள நகைச்சுவை. ஆனால் அக்காலத்தில் மலாயாவில் என்ன நடந்தது? வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையும் லயமும் இழந்து தொழிலாளர் தவித்தனர். அதனைத் தடுக்கவே 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். வேலை போனால் வீடும் போகும் என்றறிந்த மக்களின் காதில், முதலாளியை எதிரே நிறுத்திப் பெயர் சொல்லி அழைத்து வேலை கேட்கும் பாட்டு வெறும் வேடிக்கையாக மட்டும் விழுந்திருக்குமா?

பெயரும் பெருமையும்

1963-இல் சென்னையில் நடந்த விழாவில் இருவருக்கும் ‘மெல்லிசை மன்னர்கள்’ என்னும் பட்டம் சூட்டப்பட்டது. 1965-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தோடு இருவரும் பிரிந்தனர். பிரிவுக்குக் காரணம் தேடிப் பலர் பலவாறு பேசினர். நாம் அதில் இறங்கவேண்டுவதில்லை. பின்னும் பல ஆண்டுகள் விசுவநாதன் தனித்து ஓங்கினார். முப்பதாண்டு கழித்து 1995-இல் ஒரு படத்துக்காக இருவரும் மீண்டும் ஒன்றுகூடினர். இராமமூர்த்தி 2013-இலும் விசுவநாதன் 2015-ஆம் ஆண்டு ஜூலை 14-ந் தேதியும் மறைந்தனர்.

2012-இல் தமிழ்நாட்டு அரசு இருவரையும் போற்றிப் பட்டம் அளித்தது. ஆனால் இந்திய அரசின் பத்ம விருதுகளில் ஒன்றேனும் விசுவநாதனுக்குக் கிட்டவில்லை. சிறந்த இசைக்கான தேசியத் திரைப்பட விருதும் கிட்டவில்லை. டாமினோவுக்கோ 1998-இல் அமெரிக்க நாட்டின் தேசியக் கலைப் பதக்கம் கிடைத்தது. 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த பெரும்புயலில் அவர் வாழ்ந்த ஏழைகள் பகுதி முழுகிற்று. செல்வம் வந்தபின்னும் அவர் தம் மக்களை விட்டு வேறிடம் பெயரவில்லை. இறந்தார் என்றே ஊரார் எண்ணினர், பின்னர் மீட்கப்பட்டார். பதக்கமும் பியானோக்களும் நீரில் போயின. பதக்கத்தை மறுஆண்டு நாடு மீண்டும் செய்து கொடுத்தது. வெள்ளத்தில் கிடந்த அவருடைய வெண்ணிறப் பியானோவைச் செப்பனிட்டு லூசியானா அரசு காட்சிசாலையில் வைத்தனர். அவர் 2017-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி காலமானார். 2006-ஆம் ஆண்டின் இறுதியில் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்த வெள்ளத்தைக் கண்ட நமக்கு, நீர் எதையெல்லாம் கொண்டுபோகும் என்பது தெரியும். அந்நாட்டார் ஒரு பியானோவைச் சேற்றிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தார்கள். அது மரத்துக்கும் கம்பிக்கும் செய்த மரியாதை மட்டுமன்று. ஓர் ஏழையின் கைக்குச் செய்த மரியாதை.

விசுவநாதனுக்குப் பதக்கம் வராவிட்டால் என்? மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்தவர் அவரே. 1970-இல் தமிழ்நாட்டு அரசு அதனை ஏற்றது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தது. முல்லைப் பண் எனப்படும் மோகன இராகத்தில், மூன்றன் நடையில், ஐம்பத்தைந்து நொடியில் பாடவேண்டும் என்பது ஆணை. மூன்றன் நடை என்பது திசிரம். நியூ ஆர்லியன்சு மதுக்கடையில் டாமினோவின் வலக்கை தட்டியதும் மூன்று. தமிழ்நாட்டு மாநாட்டு மேடையில் அனைவரும் எழுந்து நின்று பாடுவதும் மூன்று. ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நாம் சொல்லவில்லை. திசிரம் நமக்குப் பண்டே உரியது. தாளத்துக்குச் சாதியும் நிறமும் இல்லை என்பதற்கு இது போதிய சான்று என்றே சொல்கிறோம். தின்பண்டம் விற்ற சிறுவன் அமைத்த மெட்டுக்கு அமைச்சரும் நீதிபதியும் எழுந்து நிற்கின்றனர்!

நம் கடமை

இவ்வரலாற்றிலிருந்து, ஒவ்வொரு பெட்டிக்காரரும் மெல்லிசை மன்னராவார் என்று முடிவு கட்டினால் அது பொய்யாகும். ஆயிரவரில் ஒருவர்க்கே அது வாய்த்தது. ஏனையோர் பெயர்கள் எங்கே? 1964-இல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ படத்தில் ஒரு பாட்டின் ஒலிப்பதிவையே காட்சியாகக் காட்டினர். விசுவநாதன் நின்று நடத்துகிறார். அவரைச் சுற்றி வாத்தியக்காரர் பலர். முகங்கள் தெரிகின்றன, பெயர்கள் தெரியவில்லை. இசைத்தட்டின் முகப்பிலே பாடியவர் பெயர் உண்டு. எழுதியவர் பெயர் உண்டு. பிடிலும் தபலாவும் பியானோவும் வாசித்தவர் பெயர் இல்லை. எடுபிடிப் பையனின் மெட்டு பெயரின்றி வந்தது போலவே, எத்தனையோ கைகளின் உழைப்பு பெயரின்றிப் போயிற்று.

சென்னையில் அப்படியென்றால், நம் ஜொகூர்த் தோட்டங்களில் கேட்கவேண்டுமோ? ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாயின, பல வீட்டுமனைகளாயின. லயங்கள் இடிந்தன, மக்கள் பட்டணத்தின் அடுக்குமாடிகளில் பரவினர். தோட்டத்துத் திருவிழாவில் பெட்டி வாசித்தவர், மிருதங்கம் தட்டியவர், திரைச்சீலை எழுதியவர், பெண்வேடம் கட்டியவர் ஆகியோரின் நினைவு சில முதியோர் நெஞ்சில் மட்டும் எஞ்சியிருக்கிறது. அவர்கள் கண்மூடினால் அதுவும் மூடும். வெள்ளம் வருமுன் பியானோவை மேலே தூக்கி வைப்பது அறிவுடைமை. வந்தபின் துடைப்பது இரண்டாவது வழி.

ஆகவே வாசகர்களை நாம் வேண்டுவது இரண்டு. ஒன்று: உங்கள் தோட்டத்தில் பெட்டி வாசித்தவர் யார் என்று வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள், பெயரையும் தோட்டத்தையும் அவர் வாசித்த நாடகத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மற்றொன்று: உங்கள் பிள்ளை ஒரு வாத்தியத்தின்முன் உட்கார்ந்தால், அது சோறு போடுமா என்று கேட்பதற்குமுன் ஒரு கணம் பொறுத்து, அவன் வாசிப்பதைக் கேளுங்கள். கோயம்புத்தூர்க் கூடத்தில் எல்லோரும் போனபின் ஒரு சிறுவன் பெட்டியைத் திறந்தான். கதவோரத்தில் நின்று கேட்க ஒருவர் இருந்தார். அவர் கேட்டிராவிட்டால் நமக்கு அந்த இசை இல்லை.